மணக்குதும்மா

தீபாவளிக்கு மறுநாள் காலையில் தமிழினி முக்காலி மேல் ஏறி நின்று, செத்துப்போன ஆயாவின் படத்துக்குப் போட்டிருந்த மல்லிகை மாலையை இரண்டு கையாலும் எடுத்து மூக்கோடு சேர்த்து அழுத்தினாள். கண்ணை மூடினாள். தலையை லேசாகச் சாய்த்து, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

"மணக்குதும்மா," என்றாள்.

சௌமியா பால் டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அது பிளாஸ்டிக் மாலை. ஆம்பூர் பஜாரில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. தூசி ஏறிப் பழுப்பாகிவிட்ட அந்த மாலைக்கு வாசனை என்று ஏதாவது இருந்தால் அது பல்லி எச்சத்தின் வாசனைதான்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரிக்க வாய் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்தில் விளையாட்டே இல்லை. தினமும் சாயங்காலம் தலைக்குப் பூ வைக்கும்போது சௌமியா எப்படிக் கண்ணை மூடுவாளோ, எப்படித் தலையைச் சாய்ப்பாளோ, அப்படியே செய்தாள். அச்சு அசல். பார்த்துப் படித்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

"குடிடி தங்கம்," என்று டம்ளரை நீட்டினாள்.

அந்த வீட்டில் மூக்கு வேலை செய்கிற ஆள் சௌமியா ஒருத்திதான். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்து, ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்க ஆம்பூருக்கு வந்து, கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்த வசந்தைக் கல்யாணம் கட்டிக்கொண்டவள். வலதுகாலை எடுத்து வைத்து வந்த அன்றைக்கே மத்தியானச் சாப்பாட்டில் சாம்பார் ஊசிப்போயிருந்தது. கரண்டியில் எடுத்தால் நூல் விட்டது. மாமனார் துரைசாமி, "புளி இன்னிக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்குது," என்று ரசித்து இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார். மாமியார் கமலம் "இன்னும் கொஞ்சம்?" என்று இவள் இலைப் பக்கம் குனிந்தாள். வசந்த் விரலை நக்கிக்கொண்டிருந்தான். புதுப்பெண் என்ன சொல்ல முடியும்? இவளும் சாப்பிட்டாள்.

அன்று ராத்திரி வசந்த் சிரித்துக்கொண்டே சொன்னான். "எங்க வீட்ல யாருக்கும் வாசன தெரியாது சௌமி. பொறவிலேயே அப்படித்தான்."

அதை அவர்கள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. தோல் பதனிடும் ஷாப்புகளில் குழி கழுவவும் கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்கவும் போகிற ஆட்கள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுக்கும்போது, துரைசாமி வீட்டு ஆண்கள் அதன் விளிம்பில் உட்கார்ந்து பன்னை டீயில் தோய்த்துத் தின்பார்கள். மேஸ்திரிகள் வேறு ஊர்களிலிருந்தெல்லாம் இவர்களைத் தேடி வந்தார்கள். "மூக்கு உள்ள மட்டும் சளின்னு சொல்லுவாங்க. எங்களுக்கு மூக்கு மொகத்துக்கு அழகுக்குத்தான்," என்பார் துரைசாமி.

வீடு கட்டிய இடமும் அப்படி வந்ததுதான். மூடிப் பூட்டிக் கிடந்த பழைய தோல் ஷாப்பின் பின்பக்கத்து நிலம். அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. தோலை ஊறவைத்த சுண்ணாம்புக் குழிகள் வரிசையாக இருந்த அதே தரையின் மேல் மண்ணைக் கொட்டி வீட்டைக் கட்டிவிட்டார். ஒரே ஒரு குழியை மட்டும் மூடவில்லை. அது பின்னறைத் தரையில் ஆள் உயர ஆழத்துக்கு இருந்தது. அதற்குப் படி கட்டி, மேலே பலகை போட்டு, வெங்காயமும் தேங்காயும் போட்டுவைத்துக்கொண்டார். கோடையில் ஃப்ரிட்ஜே வேண்டாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் அதைத் திறந்து காட்டுவார். வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவார்கள்.

வசந்தின் அண்ணன் செல்வகுமார் நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவன் ஏறவில்லை. "மூச்சு முட்டிப்போச்சு" என்று வீட்டில் சொன்னார்கள். அதற்கு அடுத்த வருடம் விடியற்காலையில் கமலம் காபி போட அடுப்பைப் பற்றவைத்தாள். ராத்திரியெல்லாம் சிலிண்டர் டியூப் ஒழுகியிருந்தது. சௌமியா அன்று பார்த்து குழந்தையோடு குடியாத்தத்தில் இருந்தாள். "விதி" என்றார்கள். விதி ஏன் இந்த ஒரே வீட்டைச் சுற்றி வருகிறது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பிளாஸ்டிக் மாலை விஷயத்துக்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. வசந்தை நச்சரித்து வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காது மூக்கு டாக்டர் பார்த்துவிட்டு மாடிக்கு அனுப்பினார். அங்கே ஆஃப்ரீன் என்று ஒரு பெண் இருந்தாள். பரம்பரையாக வருகிறவற்றைக் கேட்டு எழுதி ஆலோசனை சொல்கிற வேலை அவளுக்கு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "மூணு தலைமுறைக்குச் சொல்லுங்க," என்றாள்.

வசந்த் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். வாசனை தெரியாதவர்களுக்கு உள்ளே கறுப்பு. இறந்துபோனவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. துரைசாமியின் அப்பா கறுப்பு. துரைசாமி கறுப்பு, அவருடைய அக்கா கறுப்பு. ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருக்கும் தம்பி மட்டும் வெறும் சதுரம். "அவரு எங்க வீட்டுக்கே வர மாட்டாரு மேடம், நாத்தம்னு," என்று வசந்த் சிரித்தான். துரைசாமி கட்டியது அக்கா மகளை. அவள்தான் கமலம். கமலமும் கறுப்பு. இருவரையும் சேர்க்கும்போது ஆஃப்ரீன், சொந்தத்துக்குள் கல்யாணம் என்பதற்காக, ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடு போட்டாள். கீழே செல்வகுமார் கறுப்பு. வசந்த் கறுப்பு. வசந்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம், அது சௌமியா. அவர்களுக்குக் கீழே இன்னொரு வட்டம். அதில் ஆஃப்ரீன் பேனாவை வைக்கவில்லை.

"இது யாரு செஞ்ச பாவமும் இல்லைங்க. ஒரே ஒரு மரபணு. எல்லார்கிட்டயும் அது ரெண்டு பிரதி இருக்கும், அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. உங்க குடும்பத்துல பாத்தா, ஒரு பிரதி கெட்டிருந்தாலே போதும்னு தெரியுது. புள்ளைக்கு எது போகும்ங்கறது காசு சுண்டற மாதிரிதான்."

"அப்போ பாதிக்குப் பாதி," என்றாள் சௌமியா. நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது.

ஆஃப்ரீன் விரலை அந்த இரட்டைக் கோட்டின் மேல் வைத்தாள். "சாருக்கு அம்மா கெட்டதைக் குடுத்து, அப்பாவும் கெட்டதையே குடுத்திருந்தா, அந்தக் காசுல ரெண்டு பக்கமும் தலைதான். ரத்தம் எடுத்துப் பாத்தாதான் தெரியும். அடுத்த திங்கக்கெழம வாங்க. அதுக்குள்ள வீட்ல ஒண்ணு செஞ்சு பாருங்க. எதையாவது மூடி வெச்சு மோந்து பாக்கச் சொல்லுங்க. ஆனா பாப்பா எதிர்ல நிக்காதீங்க. இந்தப் புள்ளைங்க மொகத்தப் பாத்துச் சொல்லிடும். வேணும்னு பண்ற பொய் இல்ல அது. மோந்து பாக்கறதுன்னா அதுதான்னு நெனச்சிட்டிருக்கும்."

வசந்த் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சௌமியா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறுக்குக் கோடு விழுந்ததெல்லாம் கறுப்பின் மேல்தான் இருந்தது. வெள்ளையில் ஒன்றின் மேலும் விழவில்லை.

அந்தச் சோதனையை அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். நாளைக்குத் திங்கட்கிழமை என்றானபோதுதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று டம்ளரை எடுத்து வைத்தாள்.

மூன்று நாளாக மழை விடவில்லை. கரண்ட் காலையிலேயே போய்விட்டது. மூன்று மணிக்கே வீடு விளக்கு வைக்கிற நேரம் மாதிரி மங்கிக் கிடந்தது. வசந்த் கட்டிலில் தூங்கினான். துரைசாமி வாசல் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை நாளில் அந்த வீட்டின் வாசனைகள் எல்லாம் படுக்கையை விட்டு எழுந்து நடமாடும். சுவருக்கு அந்தப் பக்கம் ஊறுகிற பழைய தோல், நீறிப்போன சுண்ணாம்பு, வடக்குப் பக்கத்துச் சாக்கடை, நனைந்த சாக்கு என்று ஏழு வருடப் பழக்கத்தில் ஒவ்வொன்றையும் அவளுக்குப் பேர் சொல்லித் தெரியும். இன்று காலையிலிருந்து அவற்றுக்கு நடுவே பேர் தெரியாத ஒன்று வந்து வந்து போனது. வேகவைத்து மறந்துவிட்ட முட்டையின் வாசனை மாதிரி. வீட்டில் முட்டை வாங்கி ஒரு வாரம் ஆகிறது.

தமிழினியைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் மண்டிபோட்டாள். ஒரு டம்ளரில் பெருங்காயம் கரைத்த தண்ணீர். ஒன்றில் பினாயில். ஒன்றில் பச்சைத் தண்ணீர். மேலே துணி. ஒவ்வொன்றாக நீட்டினாள்.

"மணக்குதும்மா." அது பச்சைத் தண்ணீர்.

"இது?"

"இதும் மணக்குது."

"இது இன்னா வாசன, சொல்லு பாக்கலாம்."

அந்தச் சின்னத் தலை மெதுவாகத் திரும்பியது. கண்கள் அம்மாவின் முகத்தில் விடையைத் தேடின. சௌமியா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"தப்பா சொல்ட்டேனாம்மா?"

அவள் கையை எடுத்தபோது குழந்தை துணியை விலக்கி, வெள்ளையாகக் கலங்கியிருந்த பினாயில் டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். "பால் குடிக்கட்டா?" என்றாள். சௌமியா அதைத் தட்டிவிட்டாள். டம்ளர் உருண்டு ஓடியது. தமிழினி அழவில்லை. தப்பைச் சரிசெய்து காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, ஆயா படத்து மாலையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "இது கரெக்டுதானே? இது மணக்கும்," என்றாள்.

சௌமியா தரையில் கிடந்த டம்ளரை எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். முட்டை வாசனை கீழே அதிகமாக இருந்தது. நிமிர்ந்தால் குறைந்தது. மறுபடி குனிந்தால் மூக்கில் ஏறியது. தரையோடு தரையாக அது வந்துகொண்டிருந்தது. பின்னறைக் கதவின் அடியிலிருந்து.

செல்வகுமார் செத்த பிறகு கம்பெனியில் எல்லோரையும் உட்காரவைத்து சூப்பர்வைசர் இன்பராஜ் சொன்னது அவளுக்கு வரி மாறாமல் நினைவிருந்தது. தொட்டிக்குள்ள இருக்குற வெஷக் காத்து மொதல்ல அழுகின முட்ட மாதிரி வரும். அப்புறம் வாசன நின்னுடும். நின்னுச்சேன்னு சந்தோசப்படாதீங்க. போனது காத்து இல்ல, உங்க மூக்கு. ஒடனே ஓடணும்.

அவள் வசந்தை உலுக்கினாள். "ஏங்க, எழுந்திருங்க. பின் ரூம்ல முட்ட அழுகின வாசன வருது. இன்பராஜ் சார் சொன்னது. மழைத் தண்ணி பழைய ஷாப்போட கழிவுத் தொட்டிலேருந்து குழிக்கு ஏறியிருக்கும்."

"ஏழு வருசமா நீ தெனம் ஒரு வாசன சொல்ற சௌமி," என்றான் கண்ணைத் திறக்காமல். "எலி செத்துருக்கும்."

"எலி வாசன எனக்குத் தெரியாதா? பாப்பாவுக்கும் ஒண்ணும் தெரியலங்க. இப்பதான் பாத்தேன். நாம குடியாத்தம் போய்ட்லாம். இப்பவே. அப்பா வீட்ல இருந்துக்கலாம்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். குழந்தையைப் பார்த்தான். முகத்தில் என்னவோ வந்து போனது. கோபமா, வெட்கமா, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "தெரியலன்னா இன்னா இப்ப? நான் வளரலையா?" என்று லுங்கியை மடித்துக் கட்டினான். "இரு, பாத்துட்டு வர்றேன். ஒண்ணும் இல்லன்னா இந்தப் பேஜார இத்தோட விட்று."

"வேணாங்க. பலகையத் தொறக்காதீங்க. ஃபயர் சர்வீசுக்குப் போன் பண்றேன்."

"செத்த எலிக்கு ஃபயர் சர்வீசா." சிரித்தான். பிடித்திருந்த அவள் கையை எடுத்துவிட்டு நடந்தான்.

அவள் வாயால் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் தூங்கிக்கொண்டே இருந்திருப்பான். இதை அவள் அப்போதே நினைத்தாள்.

குழந்தையை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். போனில் ஒரு கோடுதான் சிக்னல் இருந்தது. பின்னால் பலகை தரையில் உராய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவன் குரல், குழிக்குள்ளிருந்து, கொஞ்சம் கனமாக.

"இன்னாவும் இல்ல. தண்ணிதான் ஊறியிருக்குது. வெங்காயம் பூரா நனஞ்..."

அவ்வளவுதான். கத்தவில்லை. கூப்பிடவில்லை. ஒரு தேங்காய் படியில் உருண்டு தண்ணீரில் விழுந்தது. அதைவிடக் கனமான ஏதோ ஒன்று அதன் பிறகு விழுந்தது.

"இன்னா சத்தம் அது?" துரைசாமி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மாமா, போகாதீங்க. அங்க வெஷக் காத்து. போகாதீங்க மாமா." அவர் சட்டையை முன்பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ள உள்ள இருக்கான்மா," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏற்கனவே ஒருவனைக் குழிக்குக் கொடுத்தவர். அவள் பிடியிலிருந்து சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவள் உள்ளங்கையில் ஒரு பொத்தான் மிஞ்சியது. "வசந்து," என்று அவர் கூப்பிடுவது கேட்டது. இரண்டாம் தடவை பாதிதான் கேட்டது.

வீடு அமைதியானது. மழை மட்டும்.

"தமிழ், கேட்டுக்கு வெளிய போ. ரோட்ல நில்லு. அம்மா கூப்புட்ற வரைக்கும் வரக் கூடாது."

"மழ பெய்யுதும்மா."

"போடி."

குழந்தை கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்குவதைப் பார்த்தாள். போன் கிடைத்தது. பேர், தெரு, பழைய தோல் ஷாப்புக்குப் பின்னால், ரெண்டு பேரு, சீக்கிரம் வாங்க. யாரும் உள்ளே போகாதீங்கம்மா என்றது அந்தப் பக்கத்துக் குரல். சரி சார் என்றாள். அவள் கால் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

குழிக்குப் போக மாட்டேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கதவு வரைக்கும்தான். ஒரு கொம்பு நீட்டலாம். ஒரு கயிறு போடலாம். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கூடத்தைத் தாண்டினாள். வாசனை இப்போது வாசனையாகவே இல்லை. ஒரு கை மாதிரி முகத்தைப் பிடித்துத் தள்ளியது. கண் எரிந்தது. தொண்டையில் மிளகாய்ப் புகை போல இறங்கியது. இன்னும் நாலு அடி. மூன்று. கதவு நிலையைப் பிடித்தாள்.

வாசனை நின்றது.

துளியும் இல்லை. முட்டை இல்லை. தோல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, சாக்கடை இல்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் வெறும் காற்று மட்டும் இருந்தது. அவள் தோள்கள் தானாகத் தளர்ந்தன. அப்பாடா என்றுகூட வந்துவிட்டது. துண்டை இறக்கினாள்.

நின்னுச்சேன்னு சந்தோசப்படாதீங்க.

கை தலைக்குப் போனது. காலையில் வைத்த பூ. நிஜ மல்லி, மழை ஈரத்தில் இன்னும் வாடாமல் இருந்தது. பிடுங்கி மூக்கில் அழுத்தினாள். கண்ணை மூடி இழுத்தாள்.

ஒன்றும் இல்லை.

மறுபடி. ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக்கும் இதுவும் ஒன்று.

ஓடணும். திரும்பினாள். முழங்கால் சொன்னதைக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி. இன்னோர் அடி.

"அம்மா."

குரல் தெருவிலிருந்து வரவில்லை.

பின்னறைக்குள்ளிருந்து வந்தது. சௌமியா திரும்பிப் பார்த்தாள். கொல்லைக் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்க இடம் தேடி, தமிழினி வீட்டைச் சுற்றி அந்த வழியாக உள்ளே வந்திருக்கிறாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குழியின் முதல் படியில் நின்றாள். கழுத்தில் அந்த மாலை.

"அப்பாவும் தாத்தாவும் ஒளிஞ்சினு இருக்காங்கம்மா," என்றாள், குழிக்குள் பார்த்துக்கொண்டே.

சௌமியா கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். சத்தம் வரவில்லை. சுவரைப் பிடித்த கை நழுவி, மண்டிபோட்டு விழுந்தாள். கை நீட்டினாள். எட்டவில்லை.

தமிழினி இன்னொரு படி இறங்கினாள். அங்கிருந்து தலையைத் தூக்கி, எப்போதும் பார்க்கிற மாதிரியே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்துக்கு என்ன வாசனை என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவின் கையில் பூ இருந்தது மட்டும் தெரிந்தது. கழுத்து மாலையை இரண்டு கையாலும் எடுத்து மூக்கோடு சேர்த்தாள். கண்ணை மூடினாள். தலையை லேசாகச் சாய்த்தாள்.

"மணக்குதும்மா," என்றாள்.

மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.